காம்போ செட்டில் லேயர் கேக்: கைகொடுப்பது எது, காலை வாருவது எது

ஆன்லைன் கடைகளில் 'கேக் டெக்கரேஷன் காம்போ' என்று தேடினால் ஒரே செட் பத்துப் பெயர்களில் வந்து நிற்கும். கேக்கை வைத்துச் சுற்றும் வெள்ளை பிளாஸ்டிக் டர்ன்டேபிள், கிரீமைப் பூவாகப் பிதுக்கும் 12 நாசில்களும் ஒரு பையும் அடங்கிய பெட்டி, கிரீம் பரப்பக் கறுப்புக் கைப்பிடி போட்ட மூன்று பேலட் கத்திகள், பக்கத்தை வழித்து மட்டமாக்க மூன்று பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்கள், கறுப்பு அளவுக் கப்புகளும் ஸ்பூன்களும், ஒரு சிலிகான் பிரஷ், ஒரு சிலிகான் கரண்டி. பெரும்பாலும் பிராண்ட் பெயர் இருக்காது. இருந்தாலும் ஸ்டிக்கர்தான் வேறு, சரக்கு ஒன்றே. விலை ஐந்நூறு அறுநூறு ரூபாய் வட்டாரத்தில் ஏறி இறங்கும். விளம்பரப் படத்தில் இருக்கும் கேக்கோ மூன்று அடுக்கு, பக்கவாட்டில் ஒரு கீறல் இல்லை, மேலே ஒரே அளவில் எட்டு ரோஜாக்கள். இந்தச் செட்டை வைத்து அப்படி ஒரு கேக்கை வீட்டில் செய்ய முடியுமா? முடியும். ஆனால் செட்டில் பாதியைத் தொடவே வேண்டியிருக்காது. அதில் இல்லாத நாலைந்து பொருளை வாங்காமலும் நடக்காது.

செட்டைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது 6 இஞ்ச் வட்ட டின்னில் செய்யும் மூன்று அடுக்கு வெனிலா கேக். கிரீமும் சேர்ந்தால் முக்கால் கிலோ வரும். முட்டை 3, பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 90 கிராம், கார்ன்ஃப்ளோர் 10 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், எண்ணெய் 30 மில்லி, பால் 30 மில்லி, எசென்ஸ் ஒரு டீஸ்பூன். முட்டையையும் சர்க்கரையையும் பீட்டரில் ஏழெட்டு நிமிடம் அடிக்க வேண்டும். பீட்டரைத் தூக்கும்போது வழிகிற கலவை நாடாவாக விழுந்து, ஐந்தாறு விநாடி கரையாமல் மேலேயே நிற்க வேண்டும். மாவை மூன்று தவணையாகச் சலித்துப் போட்டு மடித்துக் கலக்கவும். எண்ணெயையும் வெதுவெதுப்பான பாலையும் நேராக ஊற்றினால் அடியில் போய்த் தங்கி ரப்பர் மாதிரி ஒரு படலம் விழும். அதனால் இரண்டு கரண்டி கலவையை அந்தப் பாலில் கலந்துகொண்டு, பிறகு மொத்தத்தில் சேர்க்கவும். 3 இஞ்ச் உயர டின், அடியில் மட்டும் பட்டர் பேப்பர், பக்கத்தில் எண்ணெய் தடவக் கூடாது. 160 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம்.

அளவுக் கப்புகளின் வண்டவாளம் இங்கேயே தெரிந்துவிடும். பாக்கெட்டில் விட்டு அள்ளினால் ஒரு கப் மைதா 140 கிராமைத் தாண்டும். ஸ்பூனால் போட்டு மேலே வழித்தால் 120, 125. நூறு கிராம் மாவு போகும் ஸ்பாஞ்ச் கேக்கில் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, சில செட்டில் கப் 240 மில்லி, சிலவற்றில் 250. இந்தக் கப்புகளை மாவு டப்பாவில் அள்ளுகரண்டியாகப் போட்டு வைக்கலாம். எடை பார்க்க டிஜிட்டல் தராசு தனியாக வாங்குங்கள். டீஸ்பூன்கள் மட்டும் எசென்ஸுக்கும் பேக்கிங் பவுடருக்கும் உதவும்.

பேக்கிங் அடுப்புக்குள் சூட்டை அளக்கும் அவன் தெர்மாமீட்டரும் செட்டில் கிடையாது. ஓடிஜி எனும் சிறிய மின் அடுப்புகளில் டயல் சொல்வதும் உள்ளே இருப்பதும் 15, 20 டிகிரி விலகி நிற்பது சாதாரணம். சூடு கூடினால் ஓரம் சீக்கிரம் வெந்து நின்றுவிடும், நடு மட்டும் எழும்பிக் கோபுரமாகி வெடிக்கும். அந்தக் கோபுரத்தை வெட்டி எறிய வேண்டும், அடுக்கின் உயரமும் போய்விடும். நனைத்துப் பிழிந்த பழைய டவல் துண்டை டின்னைச் சுற்றிக் கட்டினால் ஓரம் நிதானமாக வேகும், மேல்பக்கம் தட்டையாக வரும்.

செட்டில் காசு பெறும் முதல் பொருள் டர்ன்டேபிள். 28 சென்டிமீட்டர் விட்டம், மேலே வட்ட வட்டமாக அளவுக் கோடுகள், கைப்பிடித்து நிறுத்த ஓரத்தில் சின்னப் பள்ளங்கள். அந்தக் கோடுகள் அழகுக்கு இல்லை. கேக்குக்கு அடியில் வைக்கும் அட்டையான கேக் போர்டு நடு மையத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஸ்கிரேப்பரை எவ்வளவு உறுதியாகப் பிடித்தாலும் ஒரு பக்கம் கிரீம் தடித்தும் எதிர்ப்பக்கம் ஸ்பாஞ்ச் தெரிய மெலிந்தும்தான் வரும். போர்டின் ஓரத்தைக் கோட்டோடு ஒட்டி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குறை இரண்டு. ஒன்று, எடை போதாது. வேகமாகச் சுற்றும்போது மேடையோடு நகரும். அலமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு அடியிலும், இன்னொரு சின்னத் துண்டு தட்டுக்கும் கேக் போர்டுக்கும் நடுவிலும் வைத்தால் அசையாது. இரண்டு, தட்டு ஆடும். செட் வந்ததும் ஒரு பென்சிலை டப்பா மேல் படுக்க வைத்து, அதன் முனை தட்டின் ஓரத்துக்கு மயிரிழை மேலே இருக்கும்படி நிறுத்தி, தட்டை மெதுவாக ஒரு சுற்று விடுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் மாறினால் வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு என்று ஏறி இறங்கினால் கேக்கின் மேல்பரப்பு சாய்வாகத்தான் அமையும். ஒரு கிலோ கேக் வரை இந்தத் தட்டு தாங்கும். இரண்டு கிலோ ஏறினால் ஆட்டம் கூடும்; அந்த எடையில் அடிக்கடி செய்பவர்களுக்கு அலுமினியத் தட்டும் இரும்பு அடியும் கொண்டதுதான் சரி. விலை மூன்று நான்கு மடங்கு என்றாலும் கேக்கின் எடை அதில் தெரியாது.

கத்திகளில் ஒன்று நேராக இருக்கும், ஒன்று கைப்பிடியருகே மடிந்திருக்கும், மூன்றாவது சிறிய முக்கோணம். மடிந்த கத்தி நன்றாகவே வேலை செய்கிறது. விரல் மூட்டு கிரீமில் படாமல் பரப்ப முடிகிறது. நேர்க்கத்தி தேவலாம். முக்கோணம் எதற்கு என்று செய்தவருக்கே வெளிச்சம். வெட்டிய துண்டைத் தட்டுக்கு எடுத்து வைக்கலாம். மூன்றில் எதுவும் ஸ்பாஞ்சை அடுக்காக வெட்ட உதவாது. அதற்குப் பல் வைத்த நீளமான பிரெட் கத்தி வேண்டும், அலகு 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஆறிய கேக்கைச் சுற்றிக் கட்டி ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். 2 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றிலும் ஆறேழு பல்குச்சி குத்தி, கத்தியைக் குச்சிகள் மேல் படுக்க வைத்து, தட்டைச் சுற்றிக்கொண்டே முதலில் ஒரு விரல் ஆழம் மட்டும் கீறவும். ஒரு சுற்று முடிந்து கீறல் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தால்தான் உள்ளே போகலாம். எடுத்த எடுப்பில் குறுக்கே அறுத்தால் கத்தி கீழே சரியும். சாய்ந்த அடுக்கை எத்தனை கிரீம் போட்டும் மறைக்க முடியாது, துண்டு போட்டுப் படம் எடுக்கும்போது பல்லிளிக்கும்.

பிரஷ்ஷுக்கு ஒரு வரி போதும். சர்க்கரைப் பாகைத் தொட்டுத் தடவினால் ஓரிடம் நனையும், ஓரிடம் காயும். சட்னி பாட்டில் மாதிரியான ஸ்க்வீஸ் பாட்டில் அதைவிட மேல். சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 100 மில்லி, கொதித்து ஆறியது, அடுக்குக்கு இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். சிலிகான் கரண்டியின் தலை கழன்று வரும், உள்ளே தண்ணீர் தேங்கும். கழுவியதும் பிரித்து உலர்த்துங்கள், நாற்றம் வராது.

இனி கிரீம். செட்டில் இது இல்லை என்றாலும் நாசிலையும் ஸ்கிரேப்பரையும் பற்றி என்ன தீர்ப்பு சொன்னாலும் அது கிரீமைப் பொறுத்ததுதான். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் பட்டர்கிரீமை நம்மூர் மே மாதத்தில் முயல்வதில் பயனில்லை. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டும்போது உருகத் தொடங்கிவிடும், சென்னைச் சமையலறை மதியம் அதற்கு மேலேயே இருக்கும். டெட்ரா பாக்கில் வரும் சமையல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். நாள் முழுக்க அடித்தாலும் நிமிராது. விப்பிங் கிரீம் என்றே விற்கும் பால் கிரீம்களில் கொழுப்பு 30 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பதால் நிமிரும், ருசியும் அதற்குத்தான். ஆனால் ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்து அடியில் நீர் விடும். ஆகவே பேக்கரிகளும் ஹோம் பேக்கர்களும் பிடித்துக்கொண்டிருப்பது நான்-டெய்ரி, அதாவது பால் கொழுப்பு இல்லாத, விப் டாப்பிங். 1945இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் சோயாவிலிருந்து தயாரித்து விற்ற டாப்பிங்தான் இந்த வகைக்கு முன்னோடி. இன்றைய சரக்கு பெரும்பாலும் பாம் கெர்னல் எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், நிலைநிறுத்திகள். நான்-டெய்ரி என்ற பெயரை நம்பிப் பால் ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பலவற்றில் பால் புரதமான சோடியம் கேசினேட் இருக்கும், லேபிளைப் பாருங்கள்.

ஃப்ரீசரில் இருக்கும் பாக்கெட்டை முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அடிக்கும்போது கிரீம் 5 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கட்டியான ஐஸ் துண்டு இருக்கக் கூடாது. பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் குளிரவைத்துக்கொண்டு, முதல் இரண்டு நிமிடம் மெதுவேகம், பிறகு நடுத்தர வேகம். அவசரப்பட்டு முழு வேகத்தில் அடித்தால் பெரிய பெரிய காற்றுக்குமிழி சிக்கும். பக்கவாட்டில் பூசும்போது ஒவ்வொன்றும் வெடித்து ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விடும். சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, மேலும் சேர்க்க வேண்டாம். இந்த கேக்குக்கு 300 கிராம் திரவம் போதும்: நடுவில் இரண்டு அடுக்குக்கும் 100, முதல் மெல்லிய பூச்சுக்கு 50, மேற்பூச்சுக்கு 100, மிச்சம் பூப்போடும் பைப்பிங்குக்கு.

மேற்பூச்சுக்கான கிரீமும் பூ வைக்கிற கிரீமும் ஒரே பதத்தில் இருக்கக் கூடாது. கம்பியைத் தூக்கினால் முனை தலை கவிழ்ந்தால் அது பூச்சுக்கு. நட்டுக்கொண்டு நின்றால் பைப்பிங்குக்கு. எல்லாவற்றையும் நட்டுக்கொள்ளும்வரை அடித்துவிட்டுப் பிறகு ஸ்கிரேப்பரைத் திட்டுவதுதான் பலரும் செய்வது. தாண்டிப்போன கிரீம் சொரசொரத்து ரவை போலத் தெரியும். அடிக்காத குளிர்ந்த கிரீம் இரண்டு மூன்று ஸ்பூன் விட்டுக் கரண்டியால் மடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பூசுவதற்கு முன் கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி நாலைந்து முறை இழுத்தால் குமிழியும் போகும்.

அடுக்கிய கேக்கை ஒரு தட்டால் மெல்ல அழுத்தி, மெல்லிய பூச்சோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் விட வேண்டும். இந்த அரை மணியை மிச்சம் பிடித்தால், மேற்பூச்சு முடிந்த பிறகு மேல் அடுக்கின் எடை கிரீமை வெளியே தள்ளி, நடுவில் இடுப்பு பெல்ட் கட்டியது போல ஒரு பிதுக்கம் வரும். படத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

செட்டிலேயே மோசமானவை ஸ்கிரேப்பர்கள். மூன்று துண்டு மெல்லிய பிளாஸ்டிக். ஒன்றில் சீப்புப் பல், ஒன்றில் அலை, மூன்றாவதில்தான் நேர் விளிம்பு. அச்சில் வார்த்தபோது விட்ட பிசிறு அந்த நேர் விளிம்பில் இருக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டும். அந்தப் பிசிறு ஒவ்வொன்றும் கேக்கைச் சுற்றி ஒரு கோடு போடும். நைஸ் உப்புத்தாளில் தேய்த்தால் பிசிறு போகும், வளைவு போகாது. லேசாக அழுத்தினாலே நடுவில் வளைவதால் பக்கச்சுவர் செங்குத்தாக வராமல் நடுவில் குழிந்துவிடும். இதற்கு மாற்று, 6 இஞ்ச் எஃகு ஸ்கிரேப்பர். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் 15 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலைக் கழுவிப் பயன்படுத்துங்கள், செட்டின் மூன்றையும் விட நன்றாக வரும்.

பிடிக்கும் விதம் முக்கியம். ஸ்கிரேப்பரின் அடிவிளிம்பு தட்டில் ஊன்றியிருக்கட்டும், முகம் கேக்குக்கு 45 டிகிரி சாய்ந்து இருக்கட்டும். அந்தக் கை அசையக் கூடாது. மற்றக் கை தட்டின் எதிர்முனையைப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். நிறுத்திய இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு விழும். விழுந்தே தீரும் என்றால் அதைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு விளிம்பைத் துடைக்கவும். பக்கம் முடிந்ததும் மேலே கிரீம் ஒரு விளிம்புச் சுவராக எழும்பி நிற்கும். மடிந்த கத்தியை வெளியிலிருந்து உள்ளே, படுக்கையாக, எடை கொடுக்காமல் இழுத்தால் கூர்மையான முனை கிடைக்கும். இழுப்புக்கு ஒரு முறை கத்தியைத் துடைக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மேல்பரப்பு முழுக்கத் தழும்புதான்.

பன்னிரண்டு நாசில் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. எல்லாம் விரல் நுனி அளவு. கெட்டியான ஐசிங்கில் சின்னப் பூ, இலை, எழுத்து போடச் செய்தவை. விப் கிரீமை அந்தச் சிறிய துளை வழியே பிதுக்கினால் கிரீம் அங்கேயே இன்னொரு முறை அடிபட்டது போலாகி, ஓரம் பிய்ந்து பிய்ந்து வரும். படத்தில் இருக்கும் ரோஜாவுக்குத் தேவை பெரிய திறந்த நட்சத்திர நாசில். கடையில் 'ஒன் எம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நடுவில் தொடங்கி ஒரு சுற்று விட்டு, அழுத்தத்தை நிறுத்திய பிறகு கையை விலக்கினால் மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ரோஜா. 6 இஞ்ச் கேக்குக்கு எட்டு வைக்கலாம்; முதலில் எதிரெதிர் நான்கை வைத்துவிட்டு நடுவில் நான்கைச் செருகினால் இடைவெளி சமமாகும். செட்டின் வட்டத் துளை நாசிலில் ஒன்றை மட்டும் பெயர் எழுத எடுத்து வையுங்கள்.

வாங்கும் எந்த நாசிலையும் மூட்டுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். தகட்டைச் சுருட்டி ஒட்டியதில் இடைவெளி தெரிந்தால் பூவின் ஓர் இதழ் எப்போதும் கிழிந்தே வரும். கடற்கரை ஊர்களில் துருவும் அந்த மூட்டில்தான் முதலில் பிடிக்கும். கழுவியதும் ஆறிக்கொண்டிருக்கும் ஓடிஜிக்குள் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் ஈரம் நிற்காது. கூட வரும் பை மறுபடி மறுபடி பயன்படுத்தும் வகை. அதன் கொழுப்பு வாடை போகவே போகாது. 14 இஞ்ச் டிஸ்போசபிள் பை வாங்கி, பாதிக்கு மேல் நிரப்பாமல் பயன்படுத்துங்கள். முழுக்க நிரப்பினால் உள்ளங்கைச் சூட்டில் கடைசி இரண்டு ரோஜா தொளதொளத்துப் போகும்.

ஓரத்தில் சாக்லேட் வழிய விட விரும்பினால் டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 100 கிராமுக்கு ஃப்ரெஷ் கிரீம் 60 கிராம். வெள்ளைக் காம்பவுண்ட் என்றால் 100க்கு 35 போதும். வெறும் உருகிய சாக்லேட்டில் ஜெல் கலர் விட்டால் கட்டிப் போகும், எண்ணெய்க் கலர்தான் சேரும். கிரீம் சேர்த்த கலவையில் ஜெல் கலரே ஒத்துக்கொள்ளும். ஒரு எவர்சில்வர் டம்ளரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக் கவிழ்த்து, அதன் விளிம்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடிவரை ஓடினால் சூடு அதிகம், தொடங்கிய இடத்திலேயே குண்டாக நின்றால் ஆறிவிட்டது. பாதியில் நின்றால் கேக்குக்குப் போகலாம்.

படத்துக்கு ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி கேக்கை வைத்து, டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் வெள்ளை கிரீம் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். போன் தானாக எடுக்கும்போது வெள்ளையைச் சாம்பலாக்கும். கிரீமைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கிட்டே போய் எடுத்தால் கேக்கின் தலை பெருத்து அடி சிறுத்துத் தெரியும், ஒரு எட்டுப் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைக்கவும். நேரம்தான் பெரிய பிரச்சினை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக் ஈரக்காற்றில் சில நிமிடத்திலேயே வேர்க்கும். சர்க்கரை மணிகள், வண்ணத் தூவல்கள் சாயம் விட்டு வழியும். தட்டு, பின்னணி எல்லாம் தயாரான பிறகே கேக்கை வெளியே எடுங்கள், தூவலை அப்போது போடுங்கள். துண்டு போடும் கத்தியை வெந்நீரில் தோய்த்து, துடைத்து, ஒரே அழுத்தில் கீழே இறக்கி, மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். இரண்டாவது வெட்டுக்கு முன் மறுபடி கழுவித் துடைக்கவும்.

டர்ன்டேபிளும் ஒரு மடிந்த கத்தியும் தவிர இந்தச் செட்டில் வேறெதுவும் பெரிதாக மேடைக்கு வராது என்பதால், அந்த இரண்டையும் தனித்தனியாக வாங்குவதே லாபம். கூடவே எஃகு ஸ்கிரேப்பர், ஒரு ஒன் எம் நாசில், டிஸ்போசபிள் பை, தராசு, அவன் தெர்மாமீட்டர். கேக் சாமான் கடை அருகில் இருந்தால் நேரில் போங்கள். தட்டைச் சுற்றிப் பார்க்கலாம், நாசிலின் மூட்டைப் பார்க்கலாம். பரிசாகவோ ஆடித் தள்ளுபடியிலோ காம்போவே வந்து சேர்ந்துவிட்டால், பென்சில் சோதனையைப் பெட்டி பிரித்த அன்றே செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு ஆடுகிற தட்டை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒரு முறை கிரீம் பட்டுவிட்டாலும் அதே கதைதான்.